செங்கமலத்துக்கு அடங்காத சிவப்பு கார்

"வண்டிய உட்டுட்டு போய்யான்னா போறானா? பக்கத்துலயே நின்னுகினு என் கையவே பாத்துகினு கெடக்கறான்!"

காலையில பத்து மணிக்கு ஷட்டர தூக்கினதுலேர்ந்து சாயங்காலம் எறக்கற வரைக்கும், ஒரு நாள் உடாம செங்கமலம் பொலம்பற பொலம்பல் இது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி தெருவுல, டீக்கடைய ஒட்டினாப்புல ஒரு தகர ஷெட்டு. அதான் அவளோட எடம். பழைய பைக்கு, பழைய ஸ்கூட்டரு, கார்புரேட்டர் வச்ச எந்த வண்டின்னாலும் பாப்பா. ஒரு பொம்பள ஸ்பேனர புடிச்சிகினு குந்தியிருந்தா நம்ப ஆம்பளைங்களுக்கு வேற வேல ஓடாது. டீ கிளாஸ கையில வச்சிகினு வந்து நின்னுடுவானுங்க. "அக்கா, அந்த ஸ்க்ரூவ இன்னும் கொஞ்சம் டைட்டு வையுங்க"ன்னு ரோசன வேற. செங்கமலம் ஸ்க்ரூ டிரைவர அப்படியே நீட்டுவா. "இந்தா, நீயே வையி. நான் போயி உன் டீய குடிக்கறேன்." அவன் மறுநாளுலேர்ந்து அந்த தெருவால நடக்க மாட்டான்.

வயசு நாப்பத்தி மூணு. படிச்சது பத்தாவது, அதுலயும் கணக்குல பாஸானதே அதிசயம். இதெல்லாம் அவளே எல்லாருகிட்டயும் சொல்றதுதான், மறைக்கறதுக்கு ஒன்னுமில்ல. பதினோரு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ஒரு கம்பெனியில கார்புரேட்டர் லைன்ல வேல செஞ்சா. கார்புரேட்டருன்னா பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டி உடற சாமான். இட்லி மாவுக்கு தண்ணி ஊத்தறாப்புலதான். கூடினாலும் கெட்டுது, கொறஞ்சாலும் கெட்டுது. அதுக்குள்ள ஒரு மெதப்பு இருக்கும். மாடி டேங்குல தண்ணி ரொம்பினதும் பைப்ப மூடுது பாருங்க ஒரு பந்து, அந்த வேலதான் அதுக்கும். அந்த மெதப்பு சரியான ஒசரத்துல நிக்குதான்னு பாத்து வளைக்கறது செங்கமலத்தோட வேல. ஒரு ஷிப்டுக்கு நானூறு பீசு. ரெண்டு வருஷத்துல அளவுகோலே இல்லாம கண்ணால பாத்தே சொல்ற அளவுக்கு வந்துட்டா. சூப்பர்வைசருக்கு சந்தேகம் வந்து அளந்து பாப்பாரு. சரியா இருக்கும். மூஞ்சிய தூக்கி வச்சிகினு போயிடுவாரு.

அப்புறம் புது ரூலு வந்துச்சு. இனிமே புது பைக்குல கார்புரேட்டர் கெடையாது, கம்ப்யூட்டரே பெட்ரோல பீச்சிக்கும்னுட்டாங்க. லைன மூடிட்டாங்க. செங்கமலம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு போயி மூணு மாசம் தாக்குப் புடிச்சா. "காதால கேக்க ஒன்னுமில்ல, மூக்கால மோந்து பாக்க ஒன்னுமில்ல, நாள் பூரா ஒரு சர்க்யூட்டு அட்டைய பாத்துகினு நிக்கணுமாம்"னு எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துட்டா.

வந்தவ சும்மா இல்ல. புது பைக்குலதான கார்புரேட்டர் இல்ல? தென்காசி, திருநெவேலின்னு அங்கேர்ந்து வந்து இங்க ரூம் எடுத்து தங்கி வேலைக்கு போற புள்ளைங்க வச்சிருக்கறது பூரா பழைய வண்டிதான? அது எல்லாத்துலயும் கார்புரேட்டர்தான? மாமனாரு லோடு வண்டி நிறுத்திகினு இருந்த ஷெட்டு காலியா கெடந்துச்சு. அதுல குந்திகினா. வூட்டுக்காரரு திருமலை கம்பெனி பஸ் ஓட்றவரு. வேணாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. அவரு எதுக்குமே அப்படித்தான்.

கம்பெனி பழக்கம் மட்டும் அவள உட்டு போவல. கழட்டின சாமான்ல நல்லது பச்ச ட்ரேயில, கெட்டது சிவப்பு ட்ரேயில. எந்த நட்ட முடுக்கினாலும் மேல மஞ்ச பெயிண்ட்டுல ஒரு கோடு. கோடு இருந்தா அது செங்கமலம் கை வச்சது, இல்லாட்டி இல்ல. இன்னொரு பழக்கமும் உண்டு. லைன்ல வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. இங்க வேல முடிஞ்சு போற ஒவ்வொரு வண்டிக்கும் அவ வைப்பா. கடையில விக்கற சந்தனப் பவுடரு கெடையாது, கல்லுல கெட்டியா ஒரசின சந்தனம். ஒரு தரம் காஞ்சிச்சின்னா மழையில கூட போவாது. பைக்குக்கெல்லாம் ஹெட்லைட்டு மேல வைப்பா.

ஷெட்டு மேல ஒருத்தருக்கு கண்ணு. திருமலையோட அண்ணன், நடேசன். எடம் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. இந்த பக்கமெல்லாம் இப்ப மாட்டுக் கொட்டாய்கூட ரூமா மாறி வாடகைக்கு போவுது இல்ல? நடேசன் வாரத்துக்கு ஒரு தரம் அளக்கற டேப்ப எடுத்துகினு வந்துடுவாரு. ஷெட்டுக்குள்ள பூந்து, செங்கமலம் வேல செஞ்சிகினு இருக்கற ஸ்டூல நகத்திட்டு அளப்பாரு.

"நாலு ரூமு போடலாம் செங்கமலம். ரூமுக்கு எட்டு கட்டிலு. மேலயும் கீழயும்."

"முப்பத்திரெண்டு பேரும் குளிக்க எங்க மாமா போவாங்க? டீக்கடைக்கா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப ரூமையும் அப்புறம் பாத்துக்கலாம். காலு எடுங்க, நட்டு மேல நிக்கறீங்க."

வாயில என்ன வேணா பேசுவாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள்ள பயம்தான். மூத்தவரு ஒரு நாள் கட்டாயமா சொன்னாருன்னா திருமலை எதுத்து பேச மாட்டாருன்னு அவளுக்குத் தெரியும். ஷெட்டு போனா வேற எடத்துக்கு வாடகை குடுத்து கட்டுப்படியாவாது. திரும்பவும் அட்டைய பாத்துகினு நிக்கணும்.

இப்படி இருக்கச்சே, போன தை மாசம் ஒரு லோடு வண்டி ஷெட்டு வாசல்ல வந்து நின்னுது. அதுலேர்ந்து யாக்கோபு சார் எறங்கினாரு. ஸ்ரீபெரும்புதூர்ல ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. வண்டி மேல தார்ப்பாய்க்குள்ள ஒரு கார். தார்ப்பாய உருவினாரு, டீக்கடையே எழுந்து வந்துடுச்சு.

சிவப்பு கலரு. ரெண்டே சீட்டு. கூரை கெடையாது. குட்டியா, தரையோட தரையா, பாயறதுக்கு பதுங்கின பூனையாட்டம் இருந்துச்சு. அறுவது வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல வந்ததாம். யாக்கோபு சாரோட அப்பா மெட்ராஸ்ல ஒரு மொதலாளிக்கு டிரைவரா இருந்தவரு. மொதலாளி சாகறதுக்கு முன்னாடி கார அவரு பேருக்கே எழுதிட்டாரு.

"நாலு மெக்கானிக் பாத்துட்டாங்கம்மா. ஸ்டார்ட் ஆகுது, இருமுது, புகையா கக்குது, நிக்குது. என் சம்சாரம் சொர்ணம்மாள் ஒரே வார்த்தையில சொல்லிட்டா. ஒன்னு வண்டி ஓடணும், இல்ல அந்த எடத்துல அவ துணி காயப்போடணுமாம்."

செங்கமலம் பானட்ட தூக்கினா. உள்ள ஒன்னுக்கு ரெண்டு கார்புரேட்டரு, அக்கா தங்கச்சியாட்டம் பக்கத்துல பக்கத்துல குந்திகினு இருந்துது. அவ மூஞ்சியில வந்த சிரிப்ப அவ கல்யாணத்தன்னிக்கு கூட யாரும் பாத்துருக்க மாட்டாங்க.

"சார், உட்டுட்டு போங்க. பத்து நாளு. பக்கத்துல நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேம்மா. உக்காந்துக்கறேன்"னு சொல்லி ஸ்டூல இழுத்து போட்டுகினாரு அவரு.

மொத அஞ்சு நாளு அவ வேற வண்டியவே தொடல. கார்புரேட்டர பிரிச்சா, பழைய பெட்ரோலு காஞ்சு வெல்லப்பாகாட்டம் ஒட்டிகினு இருந்துது. ஒரு மெதப்பு மேலயே மாட்டிகினு எறங்கல, இன்னொன்னு எறங்கினா ஏறல. ஒரு பக்கம் பெட்ரோலு வழியுது, இன்னொரு பக்கம் பட்டினி. ஊற வச்சி, தேச்சி, ஊதி, மெதப்ப தன் கண்ணளவுல வளைச்சி மாட்டினா. அப்புறம் நெருப்பு பக்கம் வந்தா. நாலு சிலிண்டருக்கும் மொற வச்சி கரண்ட்ட பங்கு போட ஒரு டப்பா இருக்குது. அதுக்குள்ள இருக்கற பாயிண்ட்டு கருகிப் போயி பல்லு சொத்தையாட்டம் குழி உழுந்து கெடந்துச்சு. பக்கத்துல, அது கருகாம காக்கற கண்டென்சரும் செத்துட்டுது. பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டருங்களோட மல்லு கட்டி இந்த வேல பூரா அவளுக்கு அத்துப்படி. பாயிண்ட்ட மாத்தி, இடைவெளி வச்சி, கண்டென்சர் மாத்தி, எல்லா நட்டுலயும் மஞ்ச கோடு போட்டா.

கடைசியில ரெண்டு கார்புரேட்டரையும் ஒரே அளவுல மூச்சு உட வைக்கணும். ஒரு ரப்பர் ட்யூப்ப எடுத்து ஒரு முனைய காதுல சொருகிகினு இன்னொரு முனைய கார்புரேட்டர் வாயில வச்சா. இதுல உஸ்ஸுன்னுது, அதுல ஹிஸ்ஸுன்னுது. திருகினா, கேட்டா, திருகினா, கேட்டா. ஒரு நேரத்துல ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு உட்டுச்சு. இன்ஜின் சத்தம் அப்படியே தையல் மிஷினாட்டம் ஆயிடுச்சு. இந்த சோதனையெல்லாம் ஷெட்டுல ஒரு பாட்டில்ல பெட்ரோல ஊத்தி, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் தொங்க உடறாப்புல மேல தொங்க உட்டு, ட்யூப் வழியா குடுத்துத்தான் பண்ணினா. ரெண்டு மணி நேரம் ஓடிச்சு, ஒரு இருமல் இல்ல.

யாக்கோபு சாருக்கு கண்ணுல தண்ணி வந்துட்டுது. "ஸ்தோத்திரம்! எங்கப்பா ஓட்றப்போ இதே சத்தம்மா!"

டேங்க் பூரா பெட்ரோல் அடிச்சா. சந்தனக் கிண்ணத்த எடுத்துகினு மின்னாடி போனா. சாரு தயங்கினாரு.

"செங்கமலம், தப்பா எடுத்துக்காத. எனக்கு ஒன்னும் இல்ல. மின்னாடி வச்சா பாஸ்டர் பாத்துட்டு கேப்பாரு. பின்னாடி எங்கயாவது வச்சிக்கம்மா."

"அதுக்கென்ன சார், சாமிக்கு மின்னாடி பின்னாடியெல்லாம் தெரியாது"ன்னுட்டு அவ பின்னாடி போனா. அங்க பெட்ரோல் டேங்க் மூடி, நிக்கல் பூச்சு போட்டு, நெத்தியாட்டம் வட்டமா பளபளன்னு இருந்துச்சு. சரியா நடுவால நல்லா பெருசா ஒரு சந்தனம், அது மேல குங்குமம். அழகா இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் மனசு ரொம்பிப் போச்சு.

ஒரகடம் ரோட்டுல ஓட்டிப் பாக்க கெளம்பினாங்க. எட்டாவது கிலோமீட்டர்ல கார் ரெண்டு தரம் இருமிச்சு, குலுங்கிச்சு, நின்னுபோச்சு.

இருபது நிமிஷம் நின்னாங்க. திரும்ப ஸ்டார்ட் ஆச்சு. அரை கிலோமீட்டரு. மறுபடியும் நின்னுச்சு. கடைசியில லோடு வண்டியில கயிறு கட்டி இழுத்துகினு வந்தாங்க.

"சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அப்ப காயிலுதான்"னு செங்கமலம் நெருப்புக்கு கரண்ட்ட ஏத்திக் குடுக்கற அந்த காயில மாத்தினா. ஷெட்டுல பாட்டில தொங்க உட்டு ஓட்டினா ஜம்முனு ஓடிச்சு. மூடிய தொடச்சி புதுசா சந்தனம் வச்சா. ரோட்டுக்கு போனா எட்டாவது கிலோமீட்டர்ல நின்னுச்சு. கயிறு. மூணாவது தரம் நின்னப்போ அவ அங்கயே கார்புரேட்டர தொறந்து பாத்தா. உள்ள ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல, காஞ்சி கெடந்துச்சு. ஆஹா, நெருப்புல இல்ல, பெட்ரோலுதான் வரலன்னு புரிஞ்சிடுச்சு. ஷெட்டுக்கு இழுத்துகினு வந்து பம்ப்ப பிரிச்சு பாத்தா. நல்லா இருந்துது. பைப்ப ஊதிப் பாத்தா. அதுவும் நல்லா இருந்துது. எல்லாத்தையும் தொடச்சி, மாட்டி, கோடு போட்டு, பொட்டு வச்சிட்டு, ஸ்டூல்ல குந்திகினு ரெண்டு கையாலயும் தலைய புடிச்சிகினா.

அந்த நேரம் பாத்துத்தான் நடேசன் டேப்போட வந்தாரு. டீக்கடையில பத்து பேரு. பத்து பேரு இருந்தா நடேசனுக்கு கொரலு தானா ஏறிடும்.

"இன்னா செங்கமலம், மறுபடியும் கயிறா? ஊரே சிரிக்குது. கார்புரேட்டர் டாக்டரு, கார்புரேட்டர் டாக்டருன்னு சொல்லிகினு திரியற. பேஷன்ட்டு எட்டு கிலோமீட்டர் கூட தாங்கல."

"பத்து பைக்கு ஓடினத பாக்க ஒருத்தரும் வர்றதில்ல. ஒரு காரு நின்னா மட்டும் மாமாவுக்கு மூக்குல வேர்த்துடுது."

"சரி, நான் ஒன்னு சொல்றேன், இவங்க எல்லாரும் சாட்சி. ஞாயித்துக்கெழம இந்த கார எடு. நானும் கூட குந்திகினு வர்றேன். குன்றத்தூர் மலையடிவாரம் போயி, திரும்ப இங்க வரணும். வண்டி தானா ஓடி வந்துச்சின்னா நான் இந்த ஷெட்டு பேச்சயே எடுக்க மாட்டேன். கயித்துல கட்டி இழுத்துகினு வந்தா, சாவிய என் கையில குடுத்துட்டு போயிகினே இரு. இன்னா சொல்ற?"

திருமலை டீக்கடை பெஞ்சியில குந்திகினு கிளாஸுக்குள்ளயே பாத்துகினு இருந்தாரு. அவரு ஒன்னும் பேச மாட்டாருன்னு தெரிஞ்சே செங்கமலம் ஒரு தரம் அவர பாத்தா. அப்புறம் எழுந்தா.

"வர்றேன் மாமா. வெள்ளச் சட்ட போட்டுகினு வராதீங்க, தூசி அடிக்கும்."

நடேசன் வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி, கூலிங் கிளாஸோட வந்தாரு. காலையில ஏழு மணி. செங்கமலம் ஓட்டினா, பக்கத்து சீட்டுல அவரு. பின்னாடியே பைக்குல திருமலை, அவரு முதுக புடிச்சிகினு யாக்கோபு சார், சாரு மடியில சுருட்டின கயிறு. கயித்த எடுத்துகினு வரச் சொன்னது நடேசன்தான்.

மெயின் ரோடு ஏறினதும் கூத்துதான். ஷிப்டு முடிஞ்சு போற கம்பெனி பஸ்ஸுல ஜன்னலுக்கு ஜன்னல் தலைய நீட்டி போட்டோ புடிக்குதுங்க. "ஏக்கா! கலக்குதியளே!"ன்னு ஒரு பொண்ணு கத்திச்சு. நடேசன் ஒரு கையால வேட்டிய புடிச்சிகினு, இன்னொரு கையால கண்ணாடிய புடிச்சிகினு, மூஞ்சிய உர்ருன்னு வச்சிகினு இருந்தாரு. செங்கமலம் எதையும் பாக்கல. காது மட்டும் இன்ஜின்ல இருந்துச்சு. அஞ்சு கிலோமீட்டரு. ஆறு. ஏழு.

ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள்ள நொழையறதுக்கு கொஞ்சம் மின்னாடி, கார் ரெண்டு தரம் இருமிச்சு. குலுங்கிச்சு. ஓரமா போயி நின்னுச்சு.

"டேய் திருமல! கயித்த எடு!"ன்னு நடேசன் கார்லேர்ந்து எறங்கி கத்தினாரு.

செங்கமலம் ஸ்டியரிங்க புடிச்சிகினு அப்படியே குந்தியிருந்தா. கண்ணுல தண்ணி வரல, ஆத்திரம்தான் வந்துது. பைக்குலேர்ந்து எறங்கி வந்த யாக்கோபு சாருக்கு என்ன சொல்லி தேத்தறதுன்னு தெரியல. வாயில வந்தத கேட்டாரு.

"பெட்ரோல் இருக்காம்மா?"

அவ்ளோதான். "பெட்ரோலா? காலையில கழுத்து வரைக்கும் ஊத்தியிருக்கேன் சார்! வாங்க, நீங்களே கண்ணால பாருங்க!"ன்னு எகிறி குதிச்சு பின்னாடி போயி மூடிய புடிச்சி திருகினா. திரும்பல. முந்தானையில புடிச்சி பல்ல கடிச்சிகினு திருகினா.

புஸ்ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம்.

செங்கமலம் அப்படியே நின்னுட்டா. அது வெளிய வந்த காத்து இல்ல, உள்ள போன காத்து. கொதிக்க கொதிக்க சாம்பார டிபன் பாக்ஸ்ல ஊத்தி மூடி குடுத்து அனுப்பறோம், ஆறினப்புறம் கம்பெனியில தொறக்க முடியாம அல்லாடுவாங்க இல்ல? அதே கததான். பெட்ரோலு கீழ எறங்க எறங்க, அந்த எடத்துக்கு காத்து வரணும். காத்து வரலன்னா டேங்க் பெட்ரோல இறுக்கி புடிச்சிகினு உடாது. பம்ப்பு என்னதான் இழுத்தாலும் வராது. காத்து போறதுக்குன்னே மூடியில ஒரு ஓட்ட இருக்கும். இருக்கும்னு அவளுக்கும் தெரியும். பைக்குல அது சாவி ஓட்டைக்குள்ள இருக்கும், பொட்டு அந்த பக்கமே போவாது. இதுல எங்க?

மூடிய கவுத்து அடிப்பக்கம் வாய வச்சி ஊதினா. அடைச்சிகினு இருந்துச்சு. திருப்பினா. சரியா நடுவால, அவ கையால ஒரசி, அவ வெரலால வச்ச சந்தனம், சிமெண்ட்டு பூசினாப்புல காஞ்சி கெடந்துச்சு.

தாலிக்கொடியில மாட்டியிருந்த ஊக்க கழட்டினா. குங்குமத்துக்கு நடுவால குத்தினா. பொலபொலன்னு உதிர்ந்துச்சு. உள்ள ஊசி மொன அளவுக்கு ஒரு ஓட்ட. ஊதினா. காத்து அந்த பக்கமா போயி, எட்டிப் பாத்துகினு இருந்த நடேசன் மூஞ்சியில சந்தனத் தூளா அடிச்சுது.

அப்புறம் அவ சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. ரோட்டோரத்துல காரு மேலயே சாஞ்சிகினு, வயித்த புடிச்சிகினு, மூச்சு வாங்க வாங்க சிரிச்சா.

"இன்னாம்மா ஆச்சு உனக்கு?"ன்னு திருமலை பயந்துட்டாரு.

"ஒன்னும் இல்லைங்க. காயில மாத்தினேன், பம்ப்ப பிரிச்சேன், பைப்ப ஊதினேன். ஒவ்வொரு தரமும் எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, கடைசியா நானே கார் கழுத்த நெரிச்சு அனுப்பியிருக்கேன். ஷெட்டுல பாட்டில் வாய் தொறந்து கெடந்துச்சா, அதான் அங்க ஓடிச்சு!"

யாக்கோபு சார் நெத்தியில அடிச்சிகினாரு. "நான்தானம்மா பின்னாடி வைக்க சொன்னேன்! பாஸ்டருக்கு பயந்து பெட்ரோல நிறுத்திட்டேனே!"

மூடிய மாட்டிட்டு சாவிய திருப்பினா. ரெண்டு உறுமலு, அப்புறம் அதே தையல் மிஷினு. நடேசன் மட்டும் எறங்கின எடத்துலயே நின்னாரு.

"அதெல்லாம் இருக்கட்டும். வண்டி நின்னுச்சா இல்லயா? நின்னாச்சு. திருமல, கயித்த கட்டு."

யாருமே எதிர்பாக்கல. கல்யாணம் ஆயி இருபத்தி ரெண்டு வருஷத்துல செங்கமலமே பாத்ததில்ல. திருமலை கயித்த சாரு கையிலேர்ந்து வாங்கி, சுருட்டி, பைக்கு பெட்டிக்குள்ள போட்டு பூட்டினாரு.

"அண்ணா, கட்டி இழுத்துகினு வந்தாத்தான்னு நீ சொன்ன. பத்து பேரு கேட்டுகினு இருந்தாங்க, நானும் கேட்டேன். வண்டி அதுவா ஓடுது. நீ குந்தறதுன்னா குந்து. இல்லாட்டி நான் குந்திக்கறேன், எனக்கும் ஆசையா இருக்குது."

நடேசன் தம்பிய மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் வேட்டிய தூக்கிகினு சீட்டுல எறங்கிட்டாரு. எடத்த தம்பிக்கு உட்டுக்குடுக்கவா அவரு வந்தாரு?

ஸ்ரீபெரும்புதூர் தாண்டினாங்க. பத்து கிலோமீட்டரு, பதினஞ்சு, இருபது. காத்து மூஞ்சியில அடிக்குது, கார் பறக்குது. செங்கமலம் மொத மொறையா இன்ஜின உட்டுட்டு ரோட்ட பாத்தா. குன்றத்தூர் மலையடிவாரத்துல நிறுத்தி, ஆளுக்கொரு எளநி குடிச்சிட்டு, மலைய பாத்து ஒரு கும்புடு போட்டா. யாக்கோபு சாரு அங்க கடையில அவரே சந்தனம் வாங்கிகினு வந்து நீட்டினாரு.

"மின்னாடியே வைம்மா. நல்லா பெருசா வை. பாஸ்டர் கேட்டாருன்னா நான் பதில் சொல்லிக்கறேன்."

திரும்பி வர்றப்போ நடேசன் ஒரு மாதிரி நெளிஞ்சாரு. கண்ணாடிய கழட்டினாரு, மாட்டினாரு.

"செங்கமலம்... அந்த லெஃப்ட்டு தெருவால போயேன்."

"அங்க எதுக்கு மாமா? சுத்து வழி."

"இல்ல, என் சம்பந்தி வூடு அங்கதான் கீது."

சம்பந்தி வூட்டு வாசல்ல கார் நின்னுது. நடேசன் எறங்கல. சீட்டுல சாஞ்சிகினு, கதவு மேல கைய போட்டுகினு, ஆரன் அடிக்க சொன்னாரு. சம்பந்தி லுங்கியோட ஓடியாந்தாரு. "சும்மா இந்த பக்கம் வந்தேன். தம்பி சம்சாரம்தான் ஓட்டுது. வெளிநாட்டு காரு. நாலு மெக்கானிக் கைய விரிச்சிட்டானுங்க, நம்ப வூட்டு பொண்ணு ரெடி பண்ணிச்சு"ன்னு அவரு அளந்த அளப்புல செங்கமலத்துக்கு சிரிப்ப அடக்க முடியல. ஸ்டியரிங்கு மேல குனிஞ்சிகினா. அதுக்கப்புறம் ரெண்டு மச்சான் வூடு, ஒரு கூட்டாளி வூடுன்னு சுத்தி, பத்து மணிக்கு வர வேண்டியவங்க பன்னெண்டரைக்கு ஷெட்டு வாசலுக்கு வந்தாங்க. டீக்கடையில வெசில் பறந்துச்சு. நடேசன் எறங்கி எல்லாருக்கும் கும்புடு போட்டாரு, என்னமோ அவரே ஓட்டிகினு வந்தாப்புல.

சொன்ன சொல்ல மட்டும் காப்பாத்திட்டாரு, அத சொல்லணும். எட்டு கட்டிலு ரூமு இப்ப அவரு வூட்டு மொட்ட மாடியில ஏறிகினு இருக்குது. தண்ணி டேங்குக்கு எடம் போதலன்னு அவரு சம்சாரம் தெனமும் அவர வாங்கு வாங்குன்னு வாங்குது. அது அவங்க பாடு.

செங்கமலம் இந்த கதைய யாருகிட்டயும் மறைக்கறதில்ல. "நானே அடைச்சேன், நானே எடுத்தேன்"னு எல்லா வண்டிக்காரனுக்கும் சொல்லிட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பா. தப்ப ஒத்துக்காத மெக்கானிக்கு கிட்ட போயி நாலு மாசம் அலைஞ்சவங்களுக்கு அதோட அரும தெரியும். அந்த காரால இப்ப மெட்ராஸ்லேர்ந்து கூட பழைய கார்காரங்க வர்றாங்க. போன வாரம் பச்ச கலர்ல ஒன்னு வந்து நிக்குது. அதுல மூணு கார்புரேட்டராம். மூணையும் ஒரே மூச்சுல கொண்டாரணும்னு காதுல ட்யூப்ப சொருகிகினு குந்தியிருக்கா. கூப்ட்டா காதுல உழாது.

அதனால சொல்றேன், ஒரு நடை போயி பாத்துட்டு வாங்க. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல எறங்கி யாரக் கேட்டாலும் வழி காட்டுவாங்க. செவ்வாக்கெழம லீவு. வூட்டுல பழைய ஸ்கூட்டரு ஏதாவது ஓடாம கோணி போட்டு மூடி வச்சிருந்தீங்கன்னா தூசி தட்டி தள்ளிகினு போங்க. ஒன்னும் இல்லன்னாலும் ஞாயித்துக்கெழம காலையில போயி டீக்கடை பெஞ்சியில குந்துங்க. சர்ச்சுக்கு போற வழியில யாக்கோபு சாரு அங்க கார நிறுத்துவாரு. பக்கத்துல அவரு சம்சாரம் சொர்ணம்மாள் தலையில ஸ்கார்ஃபு கட்டிகினு, கைப்பைய மடியில வச்சிகினு, ராணியாட்டம் குந்திகினு இருக்கும். செங்கமலம் பானட்ட தூக்கி ஒரு தரம் காது குடுத்து கேட்டுட்டு, "போயிட்டு வாங்க சார்"னு தட்டி அனுப்புவா. அந்த நேரத்துல அவ மூஞ்சிய நீங்க பாக்கணும்.